பெயரும் ஒரு பராமரிப்பே: மஞ்சள் கரிசலாங்கண்ணியை முன்வைத்துச் சில கருத்துகள்

மூலிகை வளர்ப்பைப் பற்றிப் பேசும் எவரும் மண், நீர், வெயில், உரம் ஆகிய நான்கையும் விரித்துரைப்பர். இந்நான்கிற்கும் முன்னதாக ஒன்று இருக்கிறது: நாம் நட்டிருப்பது எந்தச் செடி என்ற உறுதி. அந்த உறுதி இல்லாத இடத்தில் மற்ற நான்கும் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் பயனில்லை. சில வேளைகளில் தீங்கும் உண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற ஒரு செடியை எடுத்துக்கொண்டு இக்கருத்தை விளக்க முயல்கிறேன். பதிவு நீளமானது. மூலிகைத் தோட்டம் வைத்திருக்கும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிலும், பயிற்றுவிக்கும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

திராவிட மொழிகளில் தாவரப் பெயர்களைத் தொகுப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. அதன் பொருட்டு ஐதராபாத்திலும் வேறு சில தென்னிந்திய நகரங்களிலும் கல்வி நிறுவனங்களின் மூலிகைத் தோட்டங்களையும் நாற்றுப்பண்ணைகளையும் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்றோ அதற்கு நிகரான பிறமொழிப் பெயரோ எழுதிய பலகைகளின் அருகே நான் பலமுறை கண்டது வேறொரு செடி. அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட படர்கொடி அது. பூ மஞ்சள், நிலத்தில் படர்கிறது, கணுதோறும் வேர்விடுகிறது. இம்மூன்று ஒற்றுமைகளைக் கொண்டே அது இன்னொன்றின் பெயரைப் பெற்றுவிட்டது.

இங்கு மூன்று செடிகளைப் பிரித்தறிய வேண்டும். மூன்றும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

முதலாவது, வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணி. அறிவியற்பெயர் எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரம் உள்ள இடங்களில் தானே முளைப்பது. இலையைக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கறுத்துவிடும். தமிழில் கரிசாலை, கையாந்தகரை, கரிப்பான் என்றும், மலையாளத்தில் கையோன்னி என்றும், தெலுங்கில் குண்டகலகர என்றும், இந்தியில் பாங்ரா என்றும், சம்ஸ்கிருதத்தில் பிருங்கராஜம் என்றும் வழங்குவது.

இரண்டாவது, மஞ்சள் கரிசலாங்கண்ணி. பழைய மருத்துவ வழக்கில் பொற்றலைக் கையாந்தகரை. பொன்னிறத் தலையை உடைய கையாந்தகரை என்பது பொருள். இன்றைய அறிவியற்பெயர் ஸ்ஃபாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. வெடேலியா சைனென்சிஸ், வெடேலியா காலெண்டுலேசியா என்ற பழைய பெயர்களே இன்றும் பல மருத்துவ நூல்களில் காணப்படுகின்றன. இந்தியா, இலங்கை தொடங்கிச் சீனம் வரை இயல்பாக வளர்வது.

மூன்றாவது, ஸ்ஃபாக்னெட்டிகோலா டிரைலொபாட்டா. 'சிங்கப்பூர் டெய்சி' என்றும் 'வெடேலியா' என்றும் நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படுவது. சாலை நடுத்திட்டுகளிலும் அலுவலக வளாகங்களிலும் தரையை மூடுவதற்காக நடப்படுவது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அயல் ஊடுருவல் உயிரினங்களுக்கான வல்லுநர் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடமுண்டு. கேரளத்தின் சாலையோரங்களிலும் ஈரநிலங்களிலும் இது பரவியிருப்பதை அங்குப் பயணம் செய்வோர் எளிதில் காணலாம்.

இரண்டாவதன் பெயர் மூன்றாவதற்கு எவ்வாறு சென்றது என்பது மொழியியல் மாணவருக்கு ஆர்வமூட்டும் கேள்வி. கரிசலாங்கண்ணி என்று அடையின்றிச் சொன்னால் பெரும்பாலும் வெள்ளைப் பூச் செடியே கொள்ளப்படுகிறது. மற்றதைக் குறிக்க 'மஞ்சள்' என்ற அடை தேவைப்படுகிறது. மலையாளத்தின் மஞ்ஞக்கையோன்னி, இந்தியின் பீலா பாங்ரா, சம்ஸ்கிருதத்தின் பீத பிருங்கராஜம் ஆகியனவும் இதே அமைப்புடையவை. அடிப்பெயர் ஒன்று, அதைப் பிரிக்கும் நிற அடை ஒன்று. நாட்டார் வகைப்பாட்டை ஆராய்ந்த பிரெண்ட் பெர்லின் முதலியோர் உலக மொழிகள் பலவற்றில் கண்ட பொதுமுறையும் இதுவே.

இம்முறையின் வலிமையும் வரம்பும் ஒரே இடத்தில் உள்ளன. அடைமொழி செடியின் முழு அடையாளத்தையும் சொல்வதில்லை. அருகிலுள்ள இன்னொன்றிலிருந்து அதைப் பிரிக்கப் போதுமான அளவே சொல்கிறது. கரிசலாங்கண்ணி என்று கருதத்தக்கவை இரண்டு மட்டுமே இருந்த நிலத்தில் 'மஞ்சள்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மஞ்சள் பூவுடன் மூன்றாவது ஒன்று வந்து சேர்ந்தபோது அச்சொல்லின் பிரிக்கும் ஆற்றல் குறைந்துவிட்டது. பெயர் மாறவில்லை, பெயர் நின்றிருந்த சூழல் மாறிவிட்டது. தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று இது. ஒரே பெயரமைப்பைக் கொண்ட இந்திய மொழிகள் எல்லாவற்றிலும் இதே இடத்தில் இதே பிழை நேர வாய்ப்பிருக்கிறது.

மற்றொரு காரணமும் உண்டு. முன்பு மூலிகைப் பெயரைக் கற்றோர் செடியையும் உடன் கண்டே கற்றனர். பாட்டி வரப்பில் குனிந்து, "இதுதான், பறி" என்று காட்டுவார். சித்த மருத்துவரின் மாணவர் ஆசானுடன் நடந்து, முகர்ந்து, கசக்கிப் பார்த்துக் கற்பார். சொல்லும் சுட்டும் பிரியாதிருந்தன. இன்று நமக்குப் பெயர் காணொளியிலிருந்து வருகிறது. செடி நாற்றுப்பண்ணையிலிருந்து வருகிறது. இரண்டையும் இணைத்துக் காட்டும் விரல் நடுவில் இல்லை.

ஹிலரி பட்னம் 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எல்ம் மரத்தையும் பீச் மரத்தையும் தம்மால் வேறுபடுத்தி அறிய முடியாது என்றும், ஆயினும் அவ்விரு சொற்களும் தம் பேச்சில் வெவ்வேறு மரங்களையே குறிக்கின்றன என்றும் வாதிட்டார். வேறுபடுத்தி அறியும் வல்லுநர்கள் சமூகத்தில் எங்கோ இருக்கின்றனர். மற்றோர் அவர்களை நம்பிச் சொல்லைப் பயன்படுத்துகின்றனர் என்பது அவர் கருத்து. மொழியுழைப்பின் பகிர்வு என்று அவர் இதனை அழைத்தார். மூலிகைப் பெயர்கள் இப்பகிர்வின் மீதே நிற்கின்றன. வாங்குபவர் விற்பவரை நம்புகிறார். விற்பவர் மொத்த வணிகரை நம்புகிறார். வணிகர் யாரை நம்புகிறார் என்று வினவினால் சங்கிலி அறுந்து கிடப்பது தெரிகிறது. எல்லோரும் எங்கோ ஒரு வல்லுநர் இருப்பதாகக் கருதிக்கொள்கின்றனர். அந்த வல்லுநர் இருக்க வேண்டிய இடம் பல்கலைக்கழகம். அங்குள்ள பலகையே தவறாக இருக்குமாயின், பகிர்ந்துகொள்ள என்ன எஞ்சும்?

"ஒரு செடிக்குப் பதில் இன்னொரு செடி, இதில் என்ன பெருங்கேடு?" என்று சிலர் வினவுகின்றனர். மூன்று கேடுகளைச் சொல்லலாம்.

முதலாவது, உண்பவருக்கு. கரிசலாங்கண்ணி கீரையாகவும் பொடியாகவும் உண்ணப்படுவது. இராமலிங்க அடிகள் (1823–1874) அதனை நாள்தோறும் கொள்ளத்தக்கதாகப் பரிந்துரைத்தமையால், சன்மார்க்க வழி நிற்போர் பலர் வீட்டில் அது அன்றாட உணவின் பகுதி. தோட்டத்துப் பலகையைப் பார்த்து ஒருவர் நாலு தண்டு ஒடித்துச் சென்று வீட்டில் நட்டுக் கூட்டாகச் சமைப்பது நடக்கக்கூடியதே. அயற்செடி கொடிய நஞ்சு என்று நான் கூறவில்லை. நம் கீரை வழக்கில் அதற்கு வரலாறு இல்லை என்பதையே கூறுகிறேன். பொற்றலைக் கையாந்தகரைக்குப் பல தலைமுறைகளின் பட்டறிவு சான்றாக உள்ளது. அச்சான்று, பெயரை மாற்றி ஒட்டியதனால் இன்னொரு செடிக்குச் சென்றுவிடாது.

பெயர் மயக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் பெல்ஜியத்தில் நடந்தது ஓர் எச்சரிக்கை. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்தை உட்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகங்கள் விரைவாகச் செயலிழந்தன. 1993இல் மருத்துவர்கள் இதனை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பின்னர் 100ஐக் கடந்தது. மருந்தில் இருந்திருக்க வேண்டியது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. சீனப் பெயர் 'ஹான் ஃபாங் ஜி'. அதன் இடத்தில் இருந்தது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. சீனப் பெயர் 'குவாங் ஃபாங் ஜி'. அடிப்பெயர் ஒன்று, அடைமொழி மட்டுமே வேறு. பின்னதில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்ததுடன் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கிற்று. 'மஞ்சள் கரிசலாங்கண்ணி', 'வெள்ளைக் கரிசலாங்கண்ணி' என்ற நம் பெயர்களின் கட்டமைப்பை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் செடிகளில் அத்தகைய நஞ்சு இல்லாதிருப்பது நமது நற்பேறு. நமது கவனத்தின் விளைவன்று.

இரண்டாவது கேடு நிலத்திற்கு. டிரைலொபாட்டா விதையை நம்பி வாழ்வதில்லை. ஒடிந்த தண்டுத் துண்டே அதற்குப் போதும். கத்தரித்த குப்பையை வாய்க்காலில் கொட்டினால், தண்ணீர் சென்று நிற்கும் இடமெல்லாம் அது வேர்பிடிக்கும். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி விரும்பும் இடமும் அதே ஈர ஓரம்தான். மூலிகை என்று நம்பி அயற்செடியைப் பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொருவரும் உண்மை மூலிகையின் இருப்பிடத்தைச் சுருக்க உதவுகின்றனர். தென்சீனத்தில் இவ்விரு இனங்களும் இயற்கையாகக் கலந்து கலப்பினம் தோன்றியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். இரண்டையும் அருகருகே வளர்ப்பது பற்றி நாம் ஏன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூன்றாவது கேடு ஆய்விற்கு. மூலிகைத் தோட்டத்திலிருந்து மாதிரி எடுத்து வேதியியல், மருந்தியல் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. மாதிரியின் அடையாளம் தவறாயின் அதன்மேல் எழுந்த அளவீடுகள் எல்லாம் வேறொரு செடியைப் பற்றியவை. கருவி துல்லியமாக இருக்கலாம். முடிவு துல்லியமாகப் பிழையானது.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவுகூர்வது பொருந்தும். கல்லீரல் தொடர்பான ஆய்வுகளில் இன்று அடிக்கடி பேசப்படும் 'வெடேலோலாக்டோன்' என்னும் சேர்மத்தின் அமைப்பை 1956இல் வெளியிட்டவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரி, கே. நாகராஜன், பி. ஆர். பை ஆகிய மூவர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். அவர்கள் ஆராய்ந்தது வெடேலியா காலெண்டுலேசியா, அதாவது நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி. பின்னர் அச்சேர்மம் வெள்ளைப் பூச் செடியிலும் கண்டறியப்பட்டது. செடி இன்று வெடேலியா என்ற பேரினத்தில் இல்லை. 1996இல் அது ஸ்ஃபாக்னெட்டிகோலாவிற்கு மாற்றப்பட்டது. செடி விட்டுவந்த பெயரை அதன் வேதிப்பொருள் இன்றும் சுமந்து நிற்கிறது. இந்தத் தொடர்பை நாம் பின்தொடர முடிவதற்குக் காரணம், ஆராயப்பட்டது எந்தச் செடி என்று அன்றே தெளிவாக எழுதிவைத்ததுதான்.

இனி வளர்ப்பிற்கு வருகிறேன். பெயரைச் சரியாக வாசித்தாலே பராமரிப்பின் பாதி விளங்கிவிடும். 'ஸ்ஃபாக்னெட்டிகோலா' என்பதற்குச் சதுப்புப் பாசியில் வாழ்வது என்று பொருள். எனவே ஈரம் வேண்டும். 'டிரைலொபாட்டா' என்றால் மூன்று மடல் உடையது. எனவே அயற்செடியை அதன் இலையிலேயே காணலாம். 'பொற்றலை' என்றால் பொன்னிறத் தலை. எனவே பூ வரும்வரை அடையாளத்தை முடிவுசெய்யக் கூடாது.

வாங்கும்போது காண வேண்டியவை இவை. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது. விளிம்பு ஏறத்தாழ நேரானது, அல்லது ஓரிரு சிறு பற்கள் உடையது. தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அயற்செடியின் இலை அகன்று தடித்துப் பளபளப்பது. நுனிப்பகுதியில் இருபுறமும் மடல் பிரிந்து மூன்று கூறாகத் தோன்றும். இளம் இலைகளில் இம்மடல் தெளிவாக இல்லாமலும் போகலாம். ஆதலால் ஓரிலையைக் கொண்டு தீர்ப்பளிக்காமல் ஒரே தண்டின் பல இலைகளைப் பார்க்க வேண்டும். பூவும் அயற்செடியில் பெரியது, பகட்டானது. நாற்றுப்பண்ணையில் எது பார்வைக்கு அழகாக இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் தவறான செடி.

நடுவதற்கு விதையைவிடத் தண்டுத் துண்டு நல்லது. மூன்று, நான்கு கணுக்கள் உள்ள, ஒரு சாண் அளவான முற்றிய தண்டை எடுத்து, கீழ்க்கணு இரண்டும் மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றினால் போதும். தோட்டமண்ணுடன் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்துகொள்ளலாம். தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது மேல். படர்ந்து கணுதோறும் வேர்விட அதற்கு இடம் வேண்டும். மண் காயக் கூடாது. அதே வேளையில் தொட்டியில் நீர் தேங்கி நாறவும் கூடாது. தக்காணத்தின் கோடையில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் நாள்தோறும் இருமுறை நீர் தேவைப்படலாம். மழைக்காலத்தில் நத்தைகளைக் கையால் பொறுக்கி அகற்ற வேண்டும். உண்ணும் செடியாதலின் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. அசுவினி மிகுந்தால் அந்தத் தண்டைக் கிள்ளி எறிந்துவிடலாம். நன்கு படர்ந்த பின் மேல்தண்டை மட்டும் அறுத்து, அடியில் சில கணுக்களை விட்டுவைத்தால் மீண்டும் தழைக்கும். அறுக்காமல் விட்டால் நடுப்பகுதி முதிர்ந்து வெறுமையாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை புதுத் துண்டுகளை எடுத்து நட்டுத் தொட்டியைப் புதுப்பித்தல் நன்று.

சாக்கடை ஓரத்திலோ சாலை ஓரத்திலோ வளர்ந்ததைப் பறித்து உண்ணலாகாது. ஈரத்தை விரும்பும் செடி அவ்வீரத்தில் கலந்திருப்பதையும் உறிஞ்சும். மஞ்சட்காமாலைக்கு மூலிகை என்று பெயர்பெற்றதனால், காமாலை கண்டவுடன் இதனை உண்டு காலங்கடத்துவதும் தகாது. காமாலை ஒரு நோயின் அறிகுறி; அந்நோய் எது என்பதை மருத்துவரும் குருதிப் பரிசோதனையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பராமரிப்பையும் வரிசைப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. பலகைக்கு அருகில் செடி மாறிப்போவதற்கு அறியாமை மட்டுமே காரணமன்று, பராமரிப்பின்மையும் காரணம். கல்வி நிறுவனங்களில் மூலிகைத் தோட்டம் பெரும்பாலும் தர மதிப்பீட்டுக் குழுவின் வருகையை ஒட்டி அமைக்கப்படுகிறது. அப்போது சரியான செடியே நடப்பட்டிருக்கலாம். குழு சென்ற பின் வரும் கோடை விடுமுறையில் நீரூற்ற ஆளில்லை. ஈரம் வேண்டும் செடி வாடி மடிகிறது. புறக்கணிப்பைத் தாங்கும் அயற்செடி பக்கத்துப் பாத்தியிலிருந்து படர்ந்து வந்து அவ்விடத்தை நிரப்புகிறது. பலகை மட்டும் அங்கேயே நிற்கிறது. அடுத்த குழு வரும்போது பலகையின் அருகே பச்சையாக, மஞ்சள் பூவுடன் ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. ஆக, நீரூற்றாமை நாளடைவில் பெயர்ப்பிழையாக மாறுகிறது. பெயரைச் சரிபார்க்கும் வழக்கம் இருந்திருந்தால் நீரூற்றாமை அன்றே வெளிப்பட்டிருக்கும்.

இதுபற்றி நண்பர்களிடையே பேசும்போது இருவகை மறுப்புகள் எழுகின்றன.

ஒன்று, "இலத்தீன் பெயர் எதற்கு? நம் முன்னோர் அது இல்லாமலே செடிகளை அறிந்திருந்தனரே" என்பது. அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. தொல்காப்பிய மரபியலே புறத்தே வன்மை உடையதைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையதை மரம் என்றும் பிரித்து, அவற்றின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களையும் வரையறுக்கிறது. பெயரைக் கவனமாக ஆள வேண்டும் என்பது நம் இலக்கண மரபின் உள்ளேயே இருக்கும் நெறி. முன்னோரின் அறிவைப் போற்றுவது என்றால், அவர்கள் செடியைப் பார்த்த கவனத்தைப் போற்றுவதாகும். அக்கவனத்தை விட்டுவிட்டு அவர்கள் வழங்கிய சொல்லை மட்டும் பலகையில் எழுதுவது மரபன்று. அறிவியற்பெயர் நாட்டார் பெயரை நீக்க வருவதில்லை. மலையாளியும் தெலுங்கரும் தமிழரும் ஒரே செடியைப் பற்றித்தான் பேசுகின்றனரா என்று சரிபார்க்க உதவும் பொதுக் குறியீடு அது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. "நாட்டார் பெயர்களே குழப்பத்தின் ஊற்று, அவற்றை விட்டுவிட்டு அறிவியற்பெயரை மட்டும் எழுதினால் போதும்" என்று தாவரவியல் நண்பர்கள் சிலர் கூறுவர். இதனையும் நான் ஏற்கவில்லை. அறிவியற்பெயரும் மாறுகிறது, இந்த ஒரு செடியே 1753இல் லின்னேயஸ் இட்ட வெர்பெசினாவிலிருந்து வெடேலியா வழியாக இன்றைய பெயரை அடைந்திருக்கிறது. மேலும், மருத்துவப் பயன்பாடு பற்றிய அறிவு எல்லாம் நாட்டார் பெயரின் கீழ்தான் சேமிக்கப்பட்டுள்ளது. பொற்றலைக் கையாந்தகரை என்ற சொல்லை இழந்தால் அச்சொல்லைக் கொண்டு எழுதப்பட்ட மருத்துவ ஏடுகளுக்கும் நமக்கும் இடையிலுள்ள வழி அடைபடும். இரு பெயர்களும் வேண்டும். இரண்டும் ஒரே செடியைச் சுட்டுகின்றன என்ற உறுதியும் வேண்டும்.

ஆதலின் நம் வளாகங்களில் செய்யத்தக்க சிலவற்றை முன்வைக்கிறேன். பெருஞ்செலவு எதற்கும் இல்லை.

பலகையில் நான்கு செய்திகள் இருக்கட்டும்: வட்டாரப் பெயர்கள், இன்றைய அறிவியற்பெயர், செடி எங்கிருந்து கொண்டுவரப்பட்டது என்ற குறிப்பு, அடையாளத்தைச் சரிபார்த்த ஆண்டு. நான்காவது இல்லாத பலகையை முற்றுப்பெறாத பலகையாகக் கருத வேண்டும்.

ஒவ்வொரு செடியும் பூத்திருக்கும்போது ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்தித் துறையின் உலர்தாவரத் தொகுப்பில் வைக்கலாம். ஐயம் இருப்பின் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் மண்டல மையங்களை நாடலாம். ஐதராபாத்திலும் கோயம்புத்தூரிலும் அவை உள்ளன. மூலிகை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்வோர் அடையாளச் சான்றிதழ் பெறுவது வழக்கில் உள்ளதே. ஆய்வேட்டுக்குக் கேட்கும் சான்றைத் தோட்டத்திற்கும் கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆண்டுக்கு ஒருமுறை தாவரவியல் மாணவரும் மொழித்துறை மாணவரும் இணைந்து தோட்டத்தைச் சுற்றிவரட்டும். ஒருவர் இலையையும் பூவையும் பார்ப்பார்; மற்றவர் தோட்டப் பணியாளரிடம், "அம்மா, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்? எதற்குப் பயன்படுத்துவீர்கள்?" என்று கேட்டு எழுதுவார். ஐதராபாத்தில் நான் பார்த்த தோட்டங்களில், பலகையில் உள்ளது தவறு என்பதை முதலில் அறிந்திருந்தவர்கள் களை பறிக்கும் பெண்களே. அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டு எழுதப்படும் அச்செய்தி மொழியியலுக்குத் தரவு, தாவரவியலுக்கு எச்சரிக்கை.

அயற்செடி அகப்பட்டால் வேரோடும் கணுவோடும் அகற்றி, வெயிலில் முற்றக் காயவைத்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும். வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ வீசக் கூடாது. மூலிகை என்று நண்பருக்குத் தண்டு ஒடித்துத் தருபவர், அது எது என்று உறுதிசெய்த பின்னரே தருவாராக.

வீட்டில் தொட்டி வைத்திருப்போருக்கும் இதுவே. இன்று மாலை நீரூற்றும்போது இலையின் விளிம்பை ஒருமுறை பாருங்கள். மூன்று மடலாகப் பிரிந்திருந்தால், அது எவ்வளவு அழகாகப் பூத்திருந்தாலும், கரிசலாங்கண்ணி என்று அழைக்காதீர்கள், சமைக்கவும் செய்யாதீர்கள். ஒடுங்கிச் சொரசொரத்திருந்தால் பூவரும்வரை காத்திருந்து உறுதிசெய்து, ஒரு துண்டை எடுத்துத் தெரிந்தவர் ஒருவருக்குப் பெயர் சொல்லி, செடியையும் காட்டிக் கொடுங்கள். காட்டிச் சொல்லும் அவ்வழக்கம் தொடரும்வரை இச்செடி தன் பெயருடனேயே வாழும்.

மாற்றுக் கருத்துகளையும், உங்கள் பகுதியில் இவற்றுக்கு வழங்கும் பெயர்களையும் அறிய விழைகிறேன்.